பலப்பம் தின்ற ரெய்டர்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு டீக்கடையில் எனக்கு டீ தர மறுத்துவிட்டார்கள்.

பால் தீர்ந்துவிட்டதா? இல்லை, கொதித்துக்கொண்டிருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. எனக்கு முன்னால் நின்ற லாரி டிரைவர் கைக்கு நுரையோடு ஒரு கிளாஸ் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

"சாப்ட்டாச்சுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர் மாதையன்.

"இப்பத்தான். பக்கத்து மெஸ்ல."

"எத்தன நிமிஷம் ஆவுதுங்க?"

டீக்கடையில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. "பத்து இருக்கும்" என்றேன்.

"அப்ப இன்னும் அம்பது நிமிஷம் உக்காருங்க. பேப்பர் படிங்க."

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி இருபது வருடமாக டீ ஆற்றுகிறவர் மாதையன். சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவில் எத்தனையோ டீக்கடைகள். வந்த வாடிக்கையாளரை மணி பார்த்து உட்கார வைக்கும் கடை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

காரணம் அவருடைய ஒரே மகள். பெயர் பவித்ரா. பிளஸ் ஒன் படிக்கிறாள். கபடியில் ரெய்டர். எதிரணி எல்லைக்குள் தனியாக ஓடி, தொட்டுவிட்டுத் திரும்பி வருகிற வேலை.

கதை தொடங்கியது டீக்கடையில் அல்ல. ஸ்டேஷனரி கடையில்.

பள்ளிகள் திறந்த மாதம். பேனா ரீஃபில் வாங்கக் கோவிந்தன் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் யூனிஃபார்மில் பவித்ரா. எங்கள் தெருப் பெண், குழந்தையிலிருந்து தெரியும்.

"அண்ணா, பலப்பம் ஒரு டப்பா. வெள்ளை."

பலப்பம் என்றால் சிலேட்டுக் குச்சிதான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இருபத்திரண்டு வருடம் பத்திரிகையில் வேலை பார்த்ததில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது — பொருந்தாத எதுவும் கண்ணில் மாட்டிக்கொள்ளும். சுவரில் திரையை மாட்டிப் பாடம் நடத்துகிற காலத்தில், பிளஸ் ஒன் மாணவிக்குப் பலப்பம் எதற்கு?

"யாருக்குக் கண்ணு?" என்றேன்.

"தம்பிக்கு ஆன்ட்டி."

ஒரே மகள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் போனதும் கோவிந்தன் மெல்லச் சொன்னார்.

"வாரம் ஒரு டப்பா போவுதுங்க. எல்.கே.ஜி. பசங்ககூட இத்தன வாங்கறதில்ல. கலர் குச்சி குடுத்தா திருப்பிக் குடுத்துருது. டேஸ்ட் புடிக்கலியோ என்னவோ."

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

அடுத்த வாரம் தருமபுரி போகும் டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் கை பைக்குள் போனது, வாய்க்கு வந்தது. 'கடக்' என்று ஒரு சத்தம். சாக்லேட் அப்படிச் சத்தம் போடாது. உதட்டு ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"எத்தனை நாளா?"

"என்னது ஆன்ட்டி?"

"பலப்பம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த ஸ்டாப்பில் உதட்டோர வெள்ளையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. வெளக்கமாறு பிஞ்சிரும்."

"எப்படித்தான் இருக்கும் அது?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. யோசித்துச் சொன்னாள்: "மழ பேஞ்சதும் மண்ணு வாசம் வருமில்ல... அத எடுத்துக் கடிச்சா எப்பிடி இருக்கும், அப்பிடி."

சிரித்துவிட்டேன். அந்த வயதில் நான் பச்சரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகத் தின்றவள். அதை அவளிடம் சொன்னேன். அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு என்னவெல்லாம் சாப்பிடுகிறாள் என்று கேட்டதற்கு, சாட்சி சொல்கிற மாதிரி ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

காலையில் ஏழே காலுக்கு பஸ். அதனால் டிஃபன் கிடையாது. கண் விழித்ததும் ஒரு டீ, கிளம்பும்போது அப்பா கடையில் இன்னொரு டீ, ரெண்டு வர்க்கி. பதினொரு மணி இன்டர்வெல்லில் ஒரு பாக்கெட் — விரலெல்லாம் ஆரஞ்சுக் கலராகிவிடுமே, அது. மதியம் டப்பா சாதத்தில் பாதி, மீதி யாருக்கோ. மாலை பிராக்டீஸ் முடிந்து ஒரு தட்டுவடை செட் — ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், சட்னி — கூட ஒரு டீ. வீட்டுக்கு வந்ததும் டீ. டியூஷன் முடிந்து டீ. ராத்திரி ஒரு டீ, செல்போனைப் பார்த்தபடி எதுவோ ஒன்று. "என்னன்னு ஞாபகம் இல்ல ஆன்ட்டி. ஆனா சாப்ட்டேன்."

மொத்தம் எத்தனை டீ? எண்ணிப் பார்த்தோம். ஆறு. ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே இருப்பதால் அன்றைக்குக் கணக்கில்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று தொடங்கும் வாக்கியத்தை நான் முடிப்பதில்லை. பஸ் நேரம் நாம் வைத்தது. டியூஷன் நாம் வைத்தது. நடுவில் கிடைக்கிற சந்துகளில் எது அகப்படுகிறதோ அதை அவர்கள் தின்கிறார்கள். சந்தில் இட்லி விற்பதில்லை. பாக்கெட்தான் தொங்குகிறது.

சரி, அவள் அம்மாவிடம் சொன்னேனா? இல்லை. செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பதினாறு வயதுப் பெண்ணின் உடம்பு செய்தி அல்ல என்பது உறைக்கத்தான் எனக்கு நாளாயிற்று.

பத்து நாள் கழித்து, பள்ளி மைதானத்தில் மூன்றாவது ரெய்டு முடித்துத் திரும்பிய பவித்ரா ஆடுகளத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு இருட்டிக்கிட்டு வருது மிஸ்." பி.டி. டீச்சர் அன்றே அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

ஹீமோகுளோபின் எட்டு புள்ளி இரண்டு.

டாக்டர் இளம் பெண். குரலே உயரவில்லை. "பன்னெண்டு இருக்கணும். பத்தையாவது தாண்டட்டும். அதுவரைக்கும் கிரவுண்ட் பக்கம் போகக் கூடாது. ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

மாவட்ட அணித் தேர்வுக்கு அன்றிலிருந்து சரியாகப் பத்து வாரம் இருந்தது. போன வருடம் அவள் ரிசர்வ். அணியோடு போனாள், களத்துக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டாள். இந்த வருடம் உள்ளே இறங்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. இறங்குவதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து ஒன்றே முக்கால் புள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வீடு போர்க்கோலம் பூண்டது. அவள் அம்மா சுமதி முருங்கைக் கீரையில் ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் அந்த வீட்டு முருங்கை மரம் மொட்டை. அடுத்து எங்கள் வீட்டு மரம். ராகிக் களி, பீட்ரூட், பேரீச்சை, ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல். தெருவில் யார் என்ன கேள்விப்பட்டாலும் அது ஒரு கிண்ணத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனது.

டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் போட வைக்கிற பொறுப்பு மாதையனுக்கு. "நாத்தம் புடிச்ச மாத்திரப்பா. தொண்டையில நிக்குது" என்று மகள் முகம் சுளித்தாள். தகப்பன் விடுவாரா? இருபது வருடத் தொழில் திறமையை மொத்தமாக இறக்கினார். இஞ்சி தட்டி, ஏலக்காய் நசுக்கி, டிகாக்ஷன் தூக்கலாக ஒரு ஸ்பெஷல் டீ. மாத்திரை வாயில், டீ கையில். கூடவே நின்று விழுங்க வைத்துவிட்டுத்தான் அடுத்த வாடிக்கையாளரைப் பார்ப்பார்.

அந்த வீட்டில் களி தின்றாலும் டீயில்தான் முடியும். கீரை தின்றாலும் டீயில்தான் முடியும். டீக்கடைக்காரர் வீடு. வேறு எதில் முடியும்?

ஐந்து வாரம் ஓடியது. மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள்.

எட்டு புள்ளி நான்கு.

அன்று மாதையன், சுமதியோடு நானும் கூடப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு என்று எனக்குத் தெரியும் என்பதால் சுமதி அழைத்தார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தன கீரையும் எங்கதாங்க போச்சு?"

நியாயமான கேள்வி. இரண்டு மரங்கள் சாட்சி.

மாடிப்படி ஏறும்போது பவித்ராவின் காதருகே சொன்னேன்: "பலப்பத்தை நீயே டாக்டர்கிட்டச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?" அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் முதலில் சந்தேகப்பட்டது மாத்திரையை. "ஒழுங்கா முழுங்கறியாம்மா?"

"சத்தியமா மேடம். அப்பா பக்கத்துலயே நிக்கறாரு."

"அப்ப பள்ளிக்கூடத்துல வாரா வாரம் குடுத்தாங்களே, நீலக் கலர் இரும்புச்சத்து மாத்திரை? அது?"

பவித்ரா பை ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, "கிளாஸ் ஜன்னலுக்கு வெளிய ஒரு புங்க மரம் இருக்குது மேடம்."

"மரம் நல்லா இருக்கா?"

"சூப்பரா இருக்குது மேடம்."

சுமதி தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் சிரிக்காமல் எழுதினார். உதடு மட்டும் கொஞ்சம் கோணியது. நான் பார்த்தேன்.

"சரி. நான் குடுத்த மாத்திரையை எதுல முழுங்கறே?"

மகள் வாயைத் திறப்பதற்குள் தகப்பன் முந்திக்கொண்டார். "நம்ம கடை டீலதாங்க மேடம். இஞ்சியெல்லாம் போட்டு ஸ்பெஷலா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்?"

"அதுக்கும் டீதானுங்க. எம் பொண்ணு டீ குடிச்சே வளந்தவ."

"ஏங்க, ஒரு கையில குடுத்துட்டு இன்னொரு கையில புடுங்கிக்கிட்டிருக்கீங்க." டீயில் துவர்ப்பு இருக்கிறதே, அது சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பில் சேர விடாமல் வெளியே கூட்டிப் போய்விடுகிறது என்று விளக்கினார். மாத்திரைக்கும் அதே கதி. காபியும் இந்த விஷயத்தில் டீக்குத் தம்பிதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஒரு மணி நேரம் பின்னால் இரண்டும் கூடாது. மாத்திரைக்கு வெறும் தண்ணீர். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. மாதாமாதம் உடம்பிலிருந்து ரத்தம் போகிற வயதுப் பெண். போவதை ஈடு கட்டவே சாப்பிட வேண்டும், இதில் திருட்டு வேறு போனால் எப்படி என்றார்.

மாதையன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். ஆற்றி ஆற்றிக் காய்த்துப்போன கைகள்.

அப்போதுதான் பவித்ரா பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். "இன்னொன்னும் இருக்குது மேடம். இத நான் திங்கறேன்."

சுமதியின் கை தானாக உயர்ந்தது. டாக்டர் கண்ணாலேயே இறக்கினார். "அடிக்க ஒண்ணும் இல்லம்மா. ரத்தம் கொறஞ்சா சில பேருக்கு இப்படித் தோணும். மண்ணு, சாக்பீஸ், பலப்பம்... ரத்தம் ஏறுனா தானா விட்டுப்போயிரும்."

உயர்ந்த கை மடியில் விழுந்தது. சுமதி தரையைப் பார்த்துச் சொன்னார்: "இவ வயித்துல இருந்தப்ப நான் செம்மண்ணு தின்னுருக்கேன். யாருக்கும் தெரியாது."

"நான் பச்சரிசி" என்றேன்.

"ஹாஸ்டல்ல நான் ஐஸ்" என்றார் டாக்டர். "ஃப்ரிட்ஜைச் சுரண்டிச் சுரண்டி."

அந்த அறையில் இருந்த ஒரே ஆண், நான்கு பெண்களையும் வரிசையாகப் பார்த்தார். "ஆளாளுக்கு இத்தன தின்னுருக்கீங்க. நான் ஒருத்தன் டீ ஆத்துனதுதான் தப்பாங்க?"

வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள், ரத்த சோகை பார்க்கும் அறையில் இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் கணக்கு சிரிக்கவில்லை. பாதி நாள் போய்விட்டது. மீதி ஐந்து வாரம். ஏற வேண்டியது ஒன்றரைப் புள்ளிக்கு மேல்.

ஊர் திரும்பியதும் மாதையன் நேராகக் கடைக்குள் போனார். மகளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு, பெயர் வெட்டியது. அதைக் கழுவி, துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

டீக்கடைக்குப் பின்னாலேயே வீடு. விடியும்போதே கொதிக்கும் டீயின் வாசனையில்தான் அவள் கண் விழிக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள், அந்தப் பெண் பட்ட பாட்டை.

"ஒரே ஒரு வாய்ப்பா."

"மணி பாரு."

"எட்டு அம்பது."

"எப்ப சாப்ட்ட?"

"எட்டேகால்."

"அப்ப ஒம்பதேகாலுக்கு வா."

"ஞாயித்துக்கிழமகூட இப்பிடியாப்பா?"

"ரத்தத்துக்கு லீவு இல்ல சாமி."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடவில்லை. காலை ஏழு மணிக்கு இட்லி இறங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேச்சுவார்த்தையில் ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கொய்யா, ஒரு கடலை மிட்டாய் என்று முடிவானது, பஸ்ஸில் தின்னலாம். ஆரஞ்சுக் கலர் பாக்கெட்டை விட்டுக்கொடுத்தாள். தட்டுவடை செட்டில்தான் இழுபறி.

"அத விடச் சொன்னா கபடியவே விட்டுர்றேன்" என்றாள்.

"வாரத்துல ரெண்டு நாள்" என்றார் சுமதி.

"மூணு."

"ரெண்டு. எலுமிச்சம்பழம் நானே பிழிஞ்சு தர்றேன்."

ஒப்பந்தம் நிறைவேறியது. டாக்டரும் ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கோவிந்தன் கடையில் மறுபடியும் அவளைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டு வாங்க வந்திருந்தாள். கோவிந்தன் பழக்க தோஷத்தில் நோட்டின் மேல் ஒரு பலப்ப டப்பாவையும் எடுத்து வைத்தார்.

"வேண்டாண்ணா."

"ஏன் கண்ணு, தம்பி பெரியவனாயிட்டானா?"

அவள் முகம் சிவந்தது. சிவப்பதற்கு ரத்தம் ஏறிவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் கடைசி டெஸ்ட். ரிப்போர்ட் வாங்குகிற ஜன்னலில் மாதையன்தான் நின்றார். தாளை வாங்கினார், பார்த்தார், மடித்தார். மறுபடி பிரித்தார். என்னிடம் நீட்டினார்.

பத்து புள்ளி மூன்று.

"இது பத்தத் தாண்டிருச்சு தானுங்க?"

"தாண்டிடுச்சு."

"நல்லாப் பாருங்க. நீங்க பேப்பர்க்காரங்க."

நல்லாப் பார்த்தேன். பத்து புள்ளி மூன்றேதான். டாக்டர் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு வரும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. மைதானத்தில் முதல் நாளே முழு ஆட்டம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்றார். அதற்குத்தான் மூன்று நாள் இருக்கிறதே என்றாள் பவித்ரா.

தேர்வு நாளன்று டீக்கடைக்கு விடுமுறை. எனக்குத் தெரிந்து அது முதல் தடவை. மாதையன் இரண்டு பெரிய பிளாஸ்க்கோடு மைதானத்துக்கு வந்தார். மூடியைத் திறந்தால் எலுமிச்சை ஜூஸ். அணிப் பெண்கள் எல்லோருக்கும் ஊற்றினார். பழக்கம் விடுமா? ஒவ்வொரு டம்ளரையும் இரண்டு தடவை ஆற்றித்தான் கொடுத்தார்.

பவித்ரா முதல் ரெய்டில் ஒரு பாயின்ட் எடுத்தாள். இரண்டாவதில் வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாவது முடிந்ததும் நான், சுமதி, பி.டி. டீச்சர் மூன்று பேரும் ஆட்டத்தை அல்ல, அவள் முழங்காலைப் பார்த்தோம். மடங்குமா?

மடங்கவில்லை. நான்காவது போனாள். ஐந்தாவது போனாள். ஆறாவதில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மூன்றாவது ஆள் காலைப் பிடித்தபோது ஒரு எம்பு எம்பி நடுக்கோட்டில் விரல் நுனியை வைத்தாள். அணிப் பட்டியல் வாசித்தபோது ஐந்தாவது பெயர் அவளுடையது. ரிசர்வ் பட்டியலை அவள் அப்பாவும் அம்மாவும் கேட்கவே இல்லை. அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, எனக்கு ஏன் செவ்வாய்க்கிழமை டீ கிடைக்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். கடைச் சுவரில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. பவித்ராவின் கையெழுத்து:

'சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. மாத்திரை போடுபவர்களுக்குத் தண்ணீர் தரப்படும்.'

"இப்படித் திருப்பி அனுப்பினா வியாபாரம் என்னாகும்?" என்று கேட்டேன்.

"யாருங்க திரும்பிப் போறாங்க? ஒரு மணி நேரம் உக்காந்திருக்கறவங்க எந்திரிக்கறப்ப ரெண்டு டீ குடிச்சிட்டுப் போறாங்க" என்றார் மாதையன்.

ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்து, வேறு பார்க்க எதுவும் இல்லாமல் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மூலையில் நூல் கட்டி ஒரு வெள்ளைப் பலப்பம் தொங்கியது. எழுந்து போய், கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பல் தடம் இல்லை. எழுதித் தேய்ந்திருந்தது.